பவுன் கணக்கு

நமது அரியலூரில் பவுன் என்றால் பெண்ணின் கழுத்தைப் பார்க்கிறோம். ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலிலோ மாப்பிள்ளைக்குத்தான் பவுன் கணக்கு. டார்ஸியின் வருமானம் வருஷத்துக்கு 10,000!

கதாநாயகி எலிஸபெத் நிராகரித்த அசட்டுப் பாதிரியார் காலின்ஸை, அவளுடைய 27 வயதுத் தோழி சார்லட் மணக்கிறாள். அன்புக்காக அல்ல, இருக்க ஒரு வீட்டுக்காக. என் வகுப்பு அவளைப் பேராசைக்காரி என்றது. எனக்கு அப்படிச் சொல்ல நாவெழவில்லை. ஆஸ்டினே 1802-ல் செல்வந்த வாலிபர் ஒருவருக்குச் சம்மதம் சொல்லி, மறுநாட் காலையில் மறுத்தவர். கடைசிவரை விவாகமின்றியே வாழ்ந்தார். அந்தத் துணிவு எல்லோருக்கும் வாய்க்குமா?

“சார்லட்டுக்குத் தகப்பனார் சொத்தில் பங்கு இருந்திருந்தால்?” என்று கேட்டேன். தமிழ்நாட்டில் 1989-ல் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு சட்டமாயிற்று என்றும் சொன்னேன்.

பெரம்பலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, “அத்தை எங்கள் அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களே, ஸார்!” என்றாள்.