கானாவும் கிதாரும்: 2018-ஐத் திரும்பிப் பார்க்கையில்

வருடக் கடைசி வந்தால் ஆங்கிலப் பத்திரிகைகளில் அந்த வருடத்து ராக் இசையைப் பற்றி ஒரு பக்கம் வரும். எந்த ஆல்பம் நன்றாக இருந்தது, எந்தக் குழு உடைந்தது, யார் போய்ச் சேர்ந்தார் என்று எழுதுவார்கள். வேலையில் இருந்த காலத்திலிருந்து அதை விடாமல் படித்து வருகிறேன். அதில் வரும் ஊர்ப் பெயர்கள் லண்டன், நியூயார்க், சியாட்டில். நம் நாட்டு நிலவரம் என்றால் பம்பாய், பெங்களூர், ஷில்லாங். என்னைக் கேட்டால் மெட்ராஸுக்கும் அப்படி ஒரு வருடம் உண்டு. அது 2018. அதிலும் வடக்கு மெட்ராஸுக்கு. நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் ஒரு கச்சேரி நடந்தது. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற புதுக் குழுவின் முதல் மேடை. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், 'குரங்கன்' குழுவில் இருந்த இசைக்காரர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத தமிழர்' என்பதை ஒட்டி வைத்த பெயர். மேடையில் கோட்டு சூட்டோடு 19 பேர். ஒரு பக்கம் எலக்ட்ரிக் கிதார், பேஸ் கிதார், டிரம் செட். இன்னொரு பக்கம் பறை, சட்டி மேளம், கட்டை மேளம், டோலக். நடுவில் கானாப் பாடகர்கள். நான் நேரில் போகவில்லை. மறுவாரம் என் பையன் போனில் காட்டினான். காதில் செருகிக்கொண்டு இரண்டு தடவை கேட்டேன்.

மறுநாள் பேசியவர்கள் எல்லாரும் 'கலப்பிசை' என்றார்கள். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. சம்பந்தமில்லாத இரண்டைக் கலந்தால்தான் கலப்பு. இது அப்படியில்லை. சின்ன வயசில் பிரிந்த அண்ணன் தம்பி ஒரு கல்யாணத்தில் பார்த்துக்கொண்ட மாதிரி.

ராக் இசை எங்கிருந்து வந்தது? பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பின மக்களின் 'ப்ளூஸ்' பாட்டிலிருந்தும் அவர்கள் கோயில் பாட்டிலிருந்தும். பிறகு இங்கிலாந்தில் அதை எடுத்து வளர்த்த ஊர்களைப் பாருங்கள். பீட்டில்ஸ் பிறந்த லிவர்பூல் துறைமுகப் பட்டணம். கப்பல் வேலைக்குப் போன ஆட்கள் அமெரிக்காவிலிருந்து இசைத்தட்டுகளை வாங்கி வருவார்கள், அவை வீட்டுப் பையன்கள் காதில் விழும். 'பிளாக் சாபத்' பிறந்த பர்மிங்காம் தொழிற்சாலை ஊர். ஒன்று துறைமுகம், ஒன்று பட்டறை. ராயபுரத்தையும் எண்ணூரையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

பிளாக் சாபத்தின் கிதார்காரர் டோனி அயோமியின் கதையை என் பழைய சகாக்களுக்கு அடிக்கடி சொல்வேன். 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில் வேலை. வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளன்று இயந்திரத்தில் கை மாட்டி வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவர் இடது கைக்காரர். அதனால் வலது கைதான் கிதாரின் கம்பியை அழுத்துகிற கை. பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குக் குல்லா மாதிரி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பி போட்டார். பிற்பாடு கம்பிகளைத் தளர்த்தியும் கட்டினார். சுருதி கீழே இறங்கியது. அந்தக் கனத்த, இருண்ட சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1970-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து உலகம் முழுக்க 'ஹெவி மெட்டல்' என்று ஒரு வகையே கிளம்பியது.

நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் 31 வருஷம் இருந்தவன். பெயர் வேண்டாம். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடு வருவதற்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பத்து விரலும் முழுசாக இருந்தவர்களை எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் கேரியரைத் தட்டிக் கானா பாடுவார். நடுவிரல் பாதிதான். அந்தத் தட்டில் ஒரு தனி நொண்டல் இருக்கும், அதுதான் அழகே. அவருக்கு யாரும் ஆல்பம் போடவில்லை.

நம் பக்கத்தில் கிதார் சத்தம் ஒன்றும் புதிதில்லை. ஆங்கிலோ இந்தியர்கள் நிறையப் பேர் இருந்த ராயபுரத்தில் அது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. சர்ச்சில் வாசிக்கக் கற்றுக்கொண்ட பையன்கள் தெருவுக்கு இரண்டு பேர். 1969-இல் வந்த பர்மா பஜாரில் வெளிநாட்டு கேசட்டுகள் கிடைக்கும். நான் சம்பளம் வாங்கிய கையோடு பீச் ஸ்டேஷனில் இறங்கிப் போவேன். அட்டையில் ஒரு பெயரும் உள்ளே வேறு பாட்டுமாக ஏமாந்ததும் உண்டு. ஆனால் அந்தக் கிதார் ஒரு பக்கம், கானா ஒரு பக்கம் என்றே இருந்தது. கிதார் கல்யாண ரிசப்ஷனுக்கு. கானா சாவுக்கு.

சாவுக் கானாவை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ராத்திரி முழுக்கப் பிணத்தோடு உட்கார வேண்டும். அழுது களைத்தவர்கள் நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்து பாடுவார். செத்தவர் பெயர், செய்த வேலை, பிள்ளைகள் பெயர், அவருக்குப் பிடித்த சாராயம் முதற்கொண்டு பாட்டில் வரும். மூட்டை தூக்கினவருக்கு எந்தப் பேப்பரில் இரங்கல் செய்தி போடுவான்? அந்த ஒரு ராத்திரிதான் அவருக்கு. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தக் குரல் ஏறும்போது கேட்டவர்களுக்கு ப்ளூஸ் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

சினிமா இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. தேவா 90-களில் கொண்டுவந்தார். 2006-இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் ஒரு கலக்கு கலக்கினார். 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. அவர்களுக்கெல்லாம் பேர் வந்தது, சந்தோஷம். ஆனால் சினிமாவில் கானா என்பது சாப்பாட்டில் ஊறுகாய். கதாநாயகன் ஆட ஒரு பாட்டு, அதோடு சரி. 2018-இல் அந்த 19 பேர் நின்ற மேடையில் கானாதான் சோறு.

அந்த வருடம் முழுக்கவே இந்தக் காற்று வீசியது. ஜூனில் 'காலா' வந்தது. தாராவிப் பையன்களின் ராப், கூடவே சந்தோஷ் நாராயணன். இந்தக் குழுவில் இருந்த அறிவு அந்தப் படத்துக்கும் பாட்டு எழுதினார். அரக்கோணத்துப் பிள்ளை. அக்டோபரில் 'வடசென்னை' வந்தது. பாட்டும் பின்னணியும் அருமை. ஆனால் படம் முழுக்கக் கத்தி. நானும் 70 வருஷமாக இங்கே குடியிருக்கிறேன், மீன் வெட்டுகிற கத்தியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். டிசம்பர் கடைசியில் நீலம் அமைப்பு 'வானம்' என்று மூன்று நாள் கலைவிழா நடத்தியது. ஜனவரியில் ஆரம்பித்து டிசம்பர் வரை ஓடிய வருடம்.

குறை இல்லையா என்றால், உண்டு. சில பாட்டுகளில் துண்டுப்பிரசுரத்தை அப்படியே மெட்டில் ஏற்றிய வாசனை அடிக்கிறது. கருத்தில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் சாவு வீட்டில் பாடுகிறவர் ஒரு கருத்தும் சொல்லாமலே நெஞ்சைப் பிடித்து உலுக்கிவிடுவார். கிதாரும் டிரம்ஸும் ஒன்றாகக் கிளம்பும்போது சட்டி மேளம் அடியில் போய்விடுகிறது, அது எனக்கு வருத்தம். 19 பேரில் பெண் ஒரே ஒருவர், இசைவாணி. ஆண்கள் வட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிற கானாவில் ஒரு பெண் மைக்கைப் பிடித்து நிற்பது லேசான காரியம் இல்லை. 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. நம் வடசென்னைப் பெண். அறிவு 2019-இல் 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' கேட்காத வீடு இருந்ததா?

எங்களோடு காலையில் நடக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "சார், நாலு நல்ல கீர்த்தனை கேட்ட காது இதையெல்லாம் எப்படித் தாங்குது?" என்று கேட்டார். அவர் கச்சேரி கேட்கும் டிசம்பர் சபாக்கள் எல்லாம் மயிலாப்பூரிலும் தி.நகரிலும். அந்த வயசிலும் இரண்டு பஸ் மாறிப் போகிறார், எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. நான் கேட்டது ஒன்றுதான்: "நீங்க பாட்டு கேக்க அங்க போறீங்க. நம்ம பசங்க பாட்டு பாடறதுக்கு எங்க போவாங்க?" அவர் பதில் சொல்லவில்லை, டீ ஆறுகிறது என்றார்.

2018-இல் நடந்ததை நான் இப்படித்தான் பார்க்கிறேன். அந்தப் பாடகர்கள் அன்றைக்குத் திடீரென்று முளைக்கவில்லை. குரல் ஏற்கெனவே இருந்தது. யாரோ ஒருவர் அவர்களைக் கூப்பிட்டு, கேட்டுப் பார்த்து, கிதார்காரர்களோடு ஒரே அறையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்து, மேடையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த அறைதான் முக்கியம்.

பீட்டில்ஸுக்கும் ஓர் அறை கிடைத்தது. அதைக் கொடுத்தது ஓர் அம்மா. பீட் பெஸ்ட் என்று ஒருவர். பீட்டில்ஸ் பேர் வாங்குவதற்கு முன்பு அவர்தான் டிரம்மர். 1962-இல் அவரை எடுத்துவிட்டு ரிங்கோ ஸ்டாரைப் போட்டார்கள். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? மெட்ராஸ். 1941 நவம்பர் 24. டெல்லியில் பிறந்த அவர் அம்மா மோனா, யுத்தம் முடியும் சமயத்தில் பிள்ளைகளோடு கப்பலேறி லிவர்பூல் போனார். 1954-இல் நகையை அடகு வைத்துக் குதிரைப் பந்தயத்தில் கட்டினாராம், குதிரை ஜெயித்ததாம், அந்தப் பணம் ஒரு பெரிய வீடு வாங்க உதவியதாம். (நம் வீட்டு அம்மாக்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.) 1959-இல் அந்த வீட்டின் நிலவறையைப் பையன்கள் வாசிக்கிற இடமாக்கி 'காஸ்பா' என்று பேர் வைத்தார். ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் அதற்கு வண்ணம் பூசினார்கள், அங்கேயே வாசித்தார்கள். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாரையும் சொல்ல வேண்டும்.

சத்தம் என்றதும் நம் தெரு விஷயம் வருகிறது. போன மாதம் குடியிருப்போர் கூட்டத்தில் மூன்றாவது சந்தில் மொட்டை மாடியில் பையன்கள் டிரம்ஸ் வாசிக்கிறார்கள் என்று புகார் வந்தது. நிறுத்தச் சொல்லி முடிவாகிவிட்டது. நான் ஒருவன்தான் வேண்டாம் என்றேன். ராத்திரி முழுக்கத் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஏர்ஹாரன் அடிக்கிறதே, அதற்கு எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம்? ஆனாலும் வயசானவர்கள், படிக்கிற பிள்ளைகள் இருக்கிற இடத்தில் மொட்டை மாடி சரியான இடம் இல்லை என்பதும் நியாயம்தான்.

நம் பக்கத்தில் மாநகராட்சியின் சமுதாய நலக்கூடம் இருக்கிறது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பூட்டித்தான் கிடக்கிறது. அதிலும் மார்கழியில்தான் நகரத்தின் அந்தப் பக்கம் சபா சபாவாகப் பாட்டு நடக்கிறது! அந்த இரண்டு மாதம் மட்டும், சாயங்காலம் 5 மணியிலிருந்து 8 மணி வரை, இந்தப் பையன்களுக்குச் சாவியைக் கொடுக்கட்டும். கரண்ட் பில் அவர்கள் கட்டட்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கு ஒரு கச்சேரி நடத்திக் காட்டட்டும். பிளாக் சாபத்தின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 5-ஆம் தேதி தன் கடைசிக் கச்சேரியை, தான் வளர்ந்த ஆஸ்டன் பேட்டையிலேயே இருக்கிற வில்லா பார்க் மைதானத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். அதே மாதம் 22-ஆம் தேதி போய்விட்டார். ஊரே தெருவில் நின்றது. நம் பிள்ளைகளுக்கு முதல் கச்சேரியாவது சொந்தப் பேட்டையில் அமையட்டுமே.

வார்டு உறுப்பினருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒரே பக்கம்தான். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் காலை ஆறரை மணிக்கு டீக்கடையில் என்னிடம் கேட்கலாம். இதுவரை 23 பேர் போட்டிருக்கிறார்கள். வாத்தியார் இன்னும் போடவில்லை, படித்துப் பார்க்க வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.