ஒரு ‘ஹெச்’ படுத்தும் பாடு!

போன மாதம் என் பேரனுக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போட்டோம். பெயரைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் வீட்டில் சண்டையே வரவில்லை. ‘ஆதித்யா’ என்று மருமகள் சொன்னாள். சூரியன் பெயர், சோழ ராஜா பெயர், கூப்பிடவும் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டிவிட்டோம். சண்டை வந்தது அதற்கப்புறம்தான். அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

ஆரம்பத்தில் ஒரு ‘ஏ’ போதுமா, இரண்டு வேண்டுமா? ‘தி’ என்பதற்கு டெல்லிக்குப் போடுகிற ‘டி’ மட்டுமா, அதோடு ஒரு ‘ஹெச்’சா, அல்லது டைகருக்குப் போடுகிற ‘டி’யும் ‘ஹெச்’சுமா? ‘த்யா’வில் ‘ஹெச்’ உண்டா, இல்லையா? இரண்டு, மூன்று, இரண்டு. பெருக்கிப் பாருங்கள், பன்னிரண்டு விதம்! ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டு பெயர்!

மருமகளுக்கு ‘ஹெச்’ இரண்டு இடத்திலும் வேண்டும். “கொஞ்சம் தனியாத் தெரியணும் அத்தை” என்றாள். புனேயில் வேலை பார்க்கும் என் மகனோ, “இங்கே யாரும் ‘ஹெச்’சே போடறதில்லைம்மா” என்றான். அவன் எழுதியதை சம்பந்தி வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, “ஆடிட்யாவா? ஆடிட்டர் மாதிரி இருக்கே மாப்பிள்ளை!” என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

இதில் யார் மேலும் தப்பில்லை. தமிழில் ‘த’வுக்கு ஒரே எழுத்து. அதை இங்கிலீஷில் எழுதும்போது ‘ட’ என்று படித்துவிடக் கூடாதே என்று நாம் ஒரு ‘ஹெச்’ சேர்க்கிறோம். வடக்கே ‘த’ வரிசையில் நான்கு எழுத்துகள். அழுத்தி, மூச்சு விட்டுச் சொல்கிற எழுத்துக்கு மட்டும்தான் அவர்கள் ‘ஹெச்’ போடுவார்கள். அதனால்தான் லதா மங்கேஷ்கர் பெயரில் ‘ஹெச்’ கிடையாது. நம் தெருவில் இருக்கும் லதாக்களுக்கெல்லாம் உண்டு. கார்த்திக்குகள் கதையும் இதேதான்.

நடுவில் என் கொழுந்தனார் எண் கணிதம் பார்த்து ஒரு சீட்டோடு வந்தார். முன்னால் இரண்டு ‘ஏ’, பின்னால் இரண்டு ‘ஏ’ போட்டால் பையன் ஓஹோ என்று வருவானாம். “முதலமைச்சரா இருந்த ஜெயலலிதாவே 2001-ல கடைசியில ஒரு ‘ஏ’ சேர்த்துக்கிட்டாங்களே அண்ணி” என்றார். நான் சொன்னேன்: “அவங்க பேரைத் தப்பா எழுத எந்த குமாஸ்தாவுக்குத் தைரியம் வரும்? என் பேரன் வரிசையில நிக்கப் போறவன்.” நம்பிக்கை உள்ளவர்களை நான் கேலி செய்யவில்லை. வளர்ந்த ஒருவர் தாமே விரும்பி ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்வது வேறு. பேசத் தெரியாத பிள்ளையின் தலையில் நாம் கட்டிவிடுவது வேறு.

இவ்வளவு கண்டிப்பாக நான் பேசக் காரணம் உண்டு. என் பெயர் ‘ந்தா’ என்று முடியும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதற்கு ‘ஹெச்’ போட்டார். கல்யாணத்துக்குப் பின் ரேஷன் கார்டில் யாரோ அதை எடுத்துவிட்டார்கள். என் கணவர் அலுவலகத்துப் பதிவேட்டில் இன்னொரு விதம். நான் கவனிக்கவே இல்லை. சமையலறையில் இருப்பவளுக்கு எந்த எழுத்தாக இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

2019-ல் அவர் போய்விட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு கொடுத்தபோது, “இந்தப் பேர்ல இருக்கிறவங்க நீங்கதான்னு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் அவரோடு வாழ்ந்தவள், “நான்தான் நான்” என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். அது போதாது, இன்னொன்று வேண்டும் என்றார்கள். பணம் கைக்கு வர எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் மகனிடம் கை நீட்டும்போது நான் பட்டது எனக்குத்தான் தெரியும். எல்லாம் ஒரே ஒரு ‘ஹெச்’!

இப்போது இது முன்னைவிட முக்கியம். 2023-ல் பிறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வருடம் அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், அரசு வேலை எதுவானாலும், பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். முதல் காகிதத்தில் விழுகிற எழுத்து, கடைசிக் காகிதம் வரை கூடவே வரும்.

இதற்காக அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் பெயரை அப்போதே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம். நிதானமாக யோசிக்கத்தான் இந்த அவகாசம். பதிந்த பிறகு, எழுத்துப்பிழை என்றால் ஆதாரம் காட்டித் திருத்தலாம். மனசு மாறிவிட்டது என்று போய் நின்றால் நடக்காது. பெரியவனான பிறகு அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ளலாம்தான். அப்புறம் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து பாங்க் பாஸ்புக் வரை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

2020-ல் தமிழக அரசே 1,018 ஊர்களின் பெயரைத் தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷில் எழுத உத்தரவு போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? இது என்ன எழுத்து என்று நாலாபக்கமும் கேள்வி கிளம்பி, வெளியான சில நாட்களிலேயே, அதே ஜூன் மாதத்தில் வாபஸ் வாங்கினார்கள். அரசாங்கம் வாபஸ் வாங்கலாம். பெற்றவளால் அவ்வளவு சுலபமாக முடியுமா?

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். “இந்தப் பெயரை இங்கிலீஷில் எழுதுங்கள்” என்று ஐந்து பேரிடம் கேட்பது. எதுவும் சொல்லித் தராமல் பெரும்பாலோர் எழுதுவது எதுவோ, அதுவே பெயர். எங்கள் தெருவில் பால்காரப் பையன், மருந்துக் கடைக்காரர், பத்தாவது படிக்கும் பெண் என்று ஐந்து பேரைக் கேட்டேன். நாலு பேர் எழுதியது ஒன்றுபோல: ‘ஏ’ ஒன்று, ‘த்யா’வில் மட்டும் ஒரு ‘ஹெச்’. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மகன் புனேயில் ஐந்து பேரைக் கேட்டான். ஐந்து பேரும் ‘ஹெச்’ இல்லாமல் எழுதினார்கள்!

எனக்கு ஆசை ‘ஹெச்’ போட்டு எழுதத்தான். ஆனால் பிள்ளை வளரப்போவது அங்கே. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எழுதப்போவது நானில்லையே! “உங்க ஊர் வழக்கப்படியே போடுப்பா. நமக்குத் தமிழில் ‘ஆதித்யா’தானே” என்று விட்டுக்கொடுத்தேன். மருமகளும், என் ஓய்வூதியக் கதையைக் கேட்டபின், ‘தனியாத் தெரியணும்’ என்ற பேச்சை எடுக்கவில்லை. தனியாகத் தெரிவதற்குப் பிள்ளையின் குணமும் படிப்பும் இருக்கின்றன.

சகோதரிகளே, பேரழகான எழுத்து வேண்டாம், ராசியான எழுத்தும் வேண்டாம். கேட்டவர் திரும்பக் கேட்காமல் எழுதுகிற எழுத்து போதும். அதை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, இனிஷியலா, அப்பா பெயர் முழுதாகவா என்பதையும் முடிவு செய்து, வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே பதியப் போங்கள்.

இன்னொன்று. அந்தப் படிவத்தில் ‘தாயின் பெயர்’ என்று ஓர் இடம் இருக்கிறது. எல்லோரும் பிள்ளையின் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை யாரும் பார்க்கமாட்டார்கள். உங்கள் ஆதாரில் எப்படி இருக்கிறதோ, அப்படியே அதிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். என் மருமகள் அதைத் தன் கையாலேயே எழுதினாள். பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தவள் நான்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்.