பாஸ்போர்ட்டை யார் கேட்பது?

வாங்காத கடனுக்கு வசூல் ஏஜென்டின் மிரட்டலைக் கேட்கும், வெளிநாட்டில் வேலை செய்கிற நம் ஊர்த் தொழிலாளர்களைப் பற்றி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அவருடைய வாதம் சுருக்கமானது: கடன் போட்ட அன்று ஊரிலேயே இல்லை என்கிறவர் அதை நிரூபிக்கட்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்குமே, காட்டினால் முடிந்தது. காட்டத் தயங்கினால் சந்தேகப்படுவது வங்கியின் கடமை.

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அதே கட்டுரையில் நான்கு பத்தி தள்ளி அவரே எழுதுகிறார்: இப்போதெல்லாம் செயலி வழியாக உலகின் எந்த மூலையில் இருந்தும் கடன் வாங்கலாம், ஆகவே வெளிநாட்டில் இருந்தேன் என்பதை மட்டும் வைத்து ஒருவரை விடுவிக்க முடியாது. அப்படியானால் பாஸ்போர்ட் எதற்கு? காட்டாவிட்டால் திருடன், காட்டினால் துபாயில் உட்கார்ந்துகொண்டே கடன் வாங்கிய திருடன். இது விசாரணை இல்லை. தீர்ப்பை முதலில் எழுதி வைத்துக்கொண்டு சாட்சியைக் கூப்பிடுகிற வேலை.

சட்டத்தையும் துணைக்கு அழைத்திருக்கிறார். சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததாகச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் சொல்கிறதாம். சொல்கிறது, 106ஆம் பிரிவில். அங்கே தரப்பட்டிருக்கும் உதாரணம் திருட்டு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருடையது. அந்த வழக்கிலும்கூட, திருட்டு நடந்தது என்று முதலில் நிறுவ வேண்டியவர் வழக்குப் போட்டவர்தான். அதிகாரி இரண்டே பிரிவு முன்னால் புரட்டியிருந்தால் 104 கண்ணில் பட்டிருக்கும்: தனக்கு உரிமை உண்டு என்று எந்தச் சங்கதியை வைத்து ஒருவர் கேட்கிறாரோ, அந்தச் சங்கதியை அவரே நிரூபிக்க வேண்டும். இங்கே பணம் கேட்டு நிற்பது யார்? கடன் கொடுத்தேன் என்கிற நிறுவனம். யாருக்குக் கொடுத்தோம் என்பதை அது காட்டட்டும். வாங்கவில்லை என்பவர், வாங்காத நேரத்தில் எங்கே நின்றார் என்று கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அது அவர் செய்கிற உபகாரம்.

முத்திரை விஷயத்துக்கு வருவோம். துபாய் விமான நிலையத்தின் ஸ்மார்ட் கேட் வழியாகப் போகிறவருக்கு முத்திரை விழுவதில்லை. சிங்கப்பூர் முத்திரை குத்துவதை நிறுத்திப் பல வருடமாகிறது. மிஞ்சுவது நம் ஊர் இமிக்ரேஷன் முத்திரை. அது பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும். பழைய பாஸ்போர்ட் ஊரில் பீரோவில் இருக்கும். புதியதைக் கம்பெனிக்காரர் வாங்கிப் பூட்டி வைத்திருப்பார். அப்படி வாங்கி வைப்பது வளைகுடா நாடுகளின் சட்டப்படியே தவறு. ஆனால் நடக்கிறது என்பது திருச்சியிலும் ராமநாதபுரத்திலும் எந்த வீட்டில் கேட்டாலும் தெரியும். அந்த வீடுகளைப் பற்றித்தான் அதிகாரி 'காட்டத் தயங்குகிறார்கள்' என்று எழுதுகிறார்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஏசி மெக்கானிக், வேலை ஷார்ஜாவில். அவர் பான் எண்ணில் ஒரு நிறுவனம் கடன் போட்டிருந்தது. பலமுறை எழுதிக் கேட்டபின் கோப்பின் நகல் வந்தது. அதில் ஒட்டியிருந்த செல்ஃபியைப் பார்த்தேன். மீசை அரும்பாத ஒரு பையன், முதுகுக்குப் பின்னால் ரீசார்ஜ் கடை பேனர். அதே பக்கத்தில், அதற்கு இரண்டு விரல்கடை கீழே, பான் அட்டையில் பிறந்த வருடம் 1977. இந்தப் பக்கத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த நிறுவனம்தான் மெக்கானிக்கிடம் விசா நகலும் கம்பெனிக் கடிதமும் தூதரக அத்தாட்சியும் கேட்டது. கண் இருக்கிறவன் பார்க்காமல் விட்டதற்கு, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவன் சாட்சி கொண்டுவர வேண்டுமாம்!

அடுத்து ஓடிபி. 'ஓடிபி அவர் நம்பருக்குத்தானே போனது' என்று மார்தட்டுகிறார் அதிகாரி. இந்திய சிம்மை 90 நாள் தொடாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு அந்த எண் வேறு யாருக்காவது போய்ச் சேரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவரின் பழைய எண் இன்று யார் கையில் இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியுமா? ஓடிபி போனது என்பது ஓர் எண்ணுக்குப் போனது என்பதற்கு மட்டுமே சாட்சி.

அதிகாரி ஒரு வார்த்தைகூடப் பேசாத இடம் ஒன்று உண்டு. வீடியோ கேஒய்சி நடத்தினால் வாடிக்கையாளர் இந்தியாவுக்குள் இருக்கிறாரா என்று இடக்குறியை (ஜியோ டேக்) பதிந்து உறுதி செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உலகின் எந்த மூலையில் இருந்தும் என்று அவர் எழுதியது அங்கேயே உடைகிறது. நேரில் பார்க்காமல் ஆதார் ஓடிபியை மட்டும் நம்பித் திறக்கும் கணக்கில் ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்கு மேல் கடன் தரக்கூடாது என்றும் விதி இருக்கிறது. செயலிக் கடனை, சில விதிவிலக்குகள் போக, கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்கிலேயே போட வேண்டும் என்று 2022 செப்டம்பரிலேயே சொல்லியாகிவிட்டது. ஆக, பணம் போன கணக்கு யாருடையது, விண்ணப்பம் வந்த ஐபி முகவரி எது, இடக்குறி எந்த ஊரைக் காட்டுகிறது எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் கிடக்கின்றன. ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த சங்கதியை அவரே நிரூபிக்க வேண்டும் என்பது அதே அதினியத்தின் 109ஆம் பிரிவு. அதிகாரிக்கு அந்தப் பிரிவும் கண்ணில் படவில்லை.

வங்கிப் பணம் மக்கள் பணம், பொய் சொல்லித் தப்பிப்பவர்களும் இருக்கிறார்கள் என்கிறார். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களைப் பிடிக்கும் வழியும் அந்தச் சர்வரில்தான் இருக்கிறது. திறந்து பார்க்காததற்குக் காரணம் ஒன்றுதான்: பார்த்தால் தவறு யாருடையது என்று எழுத்தில் வந்துவிடும்.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: பாஸ்போர்ட் நகலை அனுப்புவதற்கு முன்னால் கேஒய்சி கோப்பு, இடக்குறி, பணம் போன கணக்கு மூன்றையும் எழுத்து மூலம் கேளுங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திலும் புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதையும் விடாமல் கேளுங்கள்.