வழித்துணை

கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் மணல் விரிந்து கிடக்கின்றது. அலையலையாய் எழுந்து படிந்த மேடுகளின்மேல் வெயில் பொன்னாய் மின்னுகின்றது. செந்நிற அங்கி அணிந்த உருவம் ஒன்று அம் மணலில் தன்னந்தனியே அமர்ந்திருக்கின்றது. அதற்குக் கைகள் இல்லை, வாய் இல்லை, பெயரும் இல்லை. எழுந்து அருகிலுள்ள மேட்டின்மேல் ஏறி நோக்கினால், நெடுந்தொலைவில் ஒரு பெருமலை தோன்றும். அதன் உச்சி இரண்டாகப் பிளந்திருக்கும். அப் பிளவினின்று ஓர் ஒளி வீசிக்கொண்டிருக்கும். அங்கே செல்லுமாறு எவரும் ஏவுவதில்லை. ஆயினும் காண்பவரின் உள்ளம் தானே அத் திசையை நாடும்.

'ஜர்னி' என்னும் வீடியோ விளையாட்டின் தொடக்கம் இது. ஜர்னி என்பதற்குப் பயணம் என்பது பொருள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த 'தட்கேம்கம்பெனி' என்னும் சிறு நிறுவனம் இதனை ஆக்கியது. ஷாங்காய் நகரில் பிறந்து, உயர்கல்விக்காக அமெரிக்கா சென்ற ஜெனோவா சென் என்பவரும், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவரோடு பயின்ற கெல்லி சாண்டியாகோ என்னும் பெண்மணியும் சேர்ந்து 2006-ஆம் ஆண்டில் அந் நிறுவனத்தைத் தொடங்கினர். சோனி நிறுவனம் பொருளுதவி செய்தது. ஆக்கும் வேலை எண்ணியதைவிட நீண்டு மூன்றாண்டு ஆயிற்று, கைப்பொருளும் கரைந்தது. ஒருவாறு 2012-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜர்னி வெளிவந்தது.

இவ் விளையாட்டில் பகைவரைக் கொல்லும் படைக்கலம் இல்லை. எண்ணிச் சேர்க்கும் மதிப்பெண் இல்லை. இத்துணை நேரத்திற்குள் முடிக்க வேண்டும் என்னும் கெடுவும் இல்லை. பாலையைக் கடந்து, பாழ்பட்ட நகரங்களையும், இருள் சூழ்ந்த நிலவறைகளையும், பனி மூடிய மலைச்சாரலையும் கடந்து, ஒளி வீசும் உச்சியை அடைவதே பயணத்தின் முடிவு. உருவத்தின் கழுத்தில் கட்டிய துகில் ஒன்று, அதனைச் சிறிது தொலைவு பறக்கச் செய்யும். வழியில் ஆங்காங்கே மறைந்து கிடக்கும் ஒளிக்குறிகளைக் கண்டெடுக்குந்தோறும் அத் துகில் நீளும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பயணம் முடிந்துவிடும்.

நடந்துகொண்டே இருக்கையில், மணல்மேட்டிற்கு அப்பால் வேறொரு செவ்வங்கி உருவம் தோன்றும். அது கருவி ஆட்டுவிக்கும் பாவை அன்று. உலகின் வேறோர் ஊரில், வேறொரு வீட்டில் அமர்ந்து, அதே வேளையில் இதே விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரே அவ்வுருவத்தை நடத்துகின்றார். அவர் ஆணா பெண்ணா, சிறுவரா முதியவரா, எந் நாட்டவர், எம் மொழியினர் என்பது தெரியாது. அவரோடு பேச இயலாது. எழுத்தால் செய்தி அனுப்பவும் இயலாது. பொத்தானை அழுத்தினால் எழும் ஓர் இனிய ஓசை ஒன்றே இருவர்க்கும் மொழி. அழைப்பதும் அதனாலேதான், எச்சரிப்பதும் அதனாலேதான், நன்றி கூறுவதும் அதனாலேதான்.

இவ் விளையாட்டு வெளிவந்ததும் ஆடியவர்கள் இரு கட்சியாய்ப் பிரிந்தனர். வெற்றி தோல்வி இல்லாத ஒன்றை விளையாட்டு என்று எவ்வாறு கூறுவது என்று ஒரு சாரார் கேட்டனர். நடப்பதற்கும் பார்ப்பதற்கும் பதினைந்து டாலரா என்று சிலர் குறைப்பட்டனர். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டதே என்று வருந்தியவர்களும் உண்டு. கொடுத்த காசுக்குக் காலத்தை அளந்து வாங்க எண்ணுவது துணிக்கடையில் பொருந்தும். இங்கே பொருந்துமா என்பது ஐயமே. இரண்டு மணி நேரத்தில் முடியும் நாடகத்தைக் கண்டு, நாளெல்லாம் ஓடவில்லையே என்று எவரும் முறையிடுவதில்லை.

மற்றொரு சாரார் கண்ணீர் விட்டனர். இது மிகைமொழி அன்று. ஆக்கியோர்க்கு வந்த நூற்றுக்கணக்கான கடிதங்களில் அச் செய்தி உண்டு. புற்றுநோய்க்குத் தந்தையை இழந்த பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, அவர் நோயுற்றிருந்த நாள்களில் இருவரும் சேர்ந்து இவ் விளையாட்டை ஆடியதை நினைந்து எழுதிய கடிதம் அவற்றுள் ஒன்று. அதனை ஜெனோவா சென் பலர் கூடிய அவையில் படித்துக் காட்டினார். கேட்டவர் உள்ளம் கரைந்தது.

விளையாட்டு ஒன்று கலை ஆகுமா என்னும் வழக்கும் அக் காலத்தில் எழுந்தது. அதற்கு முன்பே, 2010-ஆம் ஆண்டில், ரோஜர் ஈபர்ட் என்னும் புகழ்பெற்ற திரைப்பட விமரிசகர் வீடியோ விளையாட்டு ஒருநாளும் கலை ஆகாது என்று எழுதியிருந்தார். கெல்லி சாண்டியாகோ ஆற்றிய ஓர் உரைக்கு மறுப்பாகவே அவர் அவ்வாறு எழுதினார். ஆயிரக்கணக்கானோர் அவரை எதிர்த்து எழுதினர். சில திங்கள் கழித்து, தாம் ஆடிப் பாராத ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறியது பிழை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் தம் கருத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை. பின்னர் 2013-ஆம் ஆண்டில், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடம், இந் நிறுவனத்தார் முன்பு ஆக்கிய 'பிளவர்' என்னும் விளையாட்டைத் தன் நிலையான தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. ஜர்னிக்கு ஆஸ்டின் வின்டரி அமைத்த இசை கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பெற்றது. விளையாட்டு ஒன்றின் முழு இசைத்தொகுப்பு அவ் விருதுக்குப் பரிந்துரை பெற்றது அதுவே முதன்முறை. இவ் வழக்கில் இதற்குமேல் நிற்பதில் பயனில்லை. பெயர் எதுவாயினும், அது மக்களை என்ன செய்தது என்பதே நோக்கத்தக்கது.

கண்ணீரைக் கொண்டு ஒன்றன் உயர்வை அளந்துவிட முடியுமா? முடியாது. செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியின் ஓசை தக்க இடத்தில் எழுந்தால், மலைமேல் ஓர் உருவம் வீழ்ந்து கிடக்கும்போது அது மெல்லத் தேய்ந்தால், கல்மனமும் கசியும். அது இசையின் வல்லமை. ஆடியவர் அழுதார் என்பதைவிட, ஆடும்போது பிறரிடம் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே இவ் விளையாட்டின் தகுதியைக் காட்டும்.

இங்கே ஆக்கியோரின் பட்டறிவு ஒன்றைக் கூற வேண்டும். தொடக்கத்தில் இவ் விளையாட்டில் ஒருவர் மேல் மற்றவர் மோதித் தள்ள முடியும்படி அமைத்திருந்தனர். தடைகளைக் கடக்க ஒருவர்க்கொருவர் கைகொடுப்பர் என்பது அவர்கள் எண்ணம். ஆட வந்தவர்கள் செய்தது வேறு. பக்கத்தில் நின்றவரைப் பள்ளத்தில் தள்ளினர். அவர் வீழ்வதைக் கண்டு மகிழ்ந்தனர். ஜெனோவா சென்னுக்கு மக்கள் இயல்பின்மேலேயே வெறுப்புத் தோன்றியது. பின்னர் அவர் குழந்தைகளின் உளவியலை ஆய்ந்த அறிஞர் ஒருவரைக் கண்டு இதனைக் கூறினார். விளையாட்டு உலகினுள் புதிதாய் நுழைபவர் கைக்குழந்தை போன்றவர் என்றும், எதைச் செய்தால் பெரிய விளைவு உண்டாகிறதோ அதையே குழந்தை மீண்டும் மீண்டும் செய்யும் என்றும், அதில் நன்மை தீமை என்னும் நினைவு இல்லை என்றும் அவ்வறிஞர் விளக்கினார்.

பாத்திரத்தைத் தள்ளிவிட்டு, அது உருளும் ஓசையைக் கேட்டுச் சிரிக்கும் குழந்தையைக் கண்டவர்க்கு இவ் வுண்மை எளிதில் விளங்கும். அதனைத் தீயோன் என்று தாய் முடிவு கட்டுவதில்லை. பாத்திரத்தை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுக் கிலுகிலுப்பை ஒன்றைக் கையில் தருவாள். ஆக்கியோரும் அதனையே செய்தனர். மோதலை அறவே நீக்கினர். அதற்கு மாறாக, இருவர் நெருங்கித் தொட்டால் இருவர் துகிலும் ஒளிபெற்றுப் பறக்கும் ஆற்றலை மீளப்பெறும்படி அமைத்தனர். ஒருவர் கண்டெடுத்த ஒளிக்குறி மற்றவர்க்கும் எஞ்சியிருக்குமாறு செய்தனர். பொருளுக்காகப் போட்டியிட வேண்டிய தேவை ஒழிந்தது. தள்ளி மகிழ்ந்த மக்கள், இப்போது ஒருவரை ஒருவர் தேடி அணைந்தனர். வழி தவறியவரை அழைத்தனர். பின்தங்கியவருக்காகக் காத்து நின்றனர்.

இதனைக் கேட்டதும் கூரிய மாணவன் ஒருவன் தடை எழுப்பக்கூடும். தீமை செய்ய இயலாதபடி கட்டி வைத்த இடத்தில் தோன்றும் அன்பு அன்பாகுமா? கூண்டில் அடைத்த புலி ஆட்டைத் தின்னவில்லை என்பதற்காக அதனைச் சான்றோன் என்று போற்றலாமா? தடை வலிமையுடையதே. இவ் விளையாட்டைப் புகழ்ந்தோர் பலர் இதனை எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனால் ஆக்கியோர் ஒரு வாயிலை மூடவில்லை. தள்ள முடியாதேயன்றி, விட்டுச் செல்ல முடியும். துணைவரைத் திரும்பிப் பாராமல் முன்னே பறந்து போகலாம். எவரும் தடுப்பதில்லை, தண்டிப்பதில்லை. துணையின்றியும் பயணத்தை முடிக்கலாம். ஆகவே, உடனிருப்பது ஒவ்வொரு நொடியும் ஆடுவோர் தாமே விரும்பிச் செய்யும் செயலாகின்றது. நிலவறையில் கல்லுறுப்புகள் கோத்த பாம்பு போன்ற பெரிய உருவங்கள் இருளில் பறந்து திரியும். அவற்றின் கண்ணொளியில் அகப்பட்டால், அவை பாய்ந்து வந்து துகிலைக் கிழித்துவிடும். அரிதிற் சேர்த்த துகில் ஒரு நொடியில் குறுகிப் போகும். அங்கே மறைவிடத்தில் பதுங்கித் தான் மட்டும் தப்பலாம். வெளியே அகப்பட்டவரை நோக்கி ஓடவும் செய்யலாம். ஓடினால் கிடைக்கும் பரிசு ஒன்றுமில்லை. அங்ஙனம் இருந்தும் ஓடினர் பலர். பனிமலையில் கடுங்காற்று வீசத் துகிலின் ஒளி சிறிது சிறிதாய் அவிந்துவரும்போது, இரண்டு உருவங்களும் ஒட்டி நடந்து ஒன்றற்கொன்று வெம்மை தரும். அப்போது ஆடுவோர் இருவர்க்கும் இடையில் ஆயிரக்கணக்கான கல் தொலைவு இருக்கக்கூடும்.

இனி, வேறொரு செய்தி. ஜர்னியை ஆடி முடித்தவர்களில் பலர் மன்னிப்புக் கேட்டு எழுதினர். எவரிடம்? பெயரும் ஊரும் அறியாத வழித்துணைவரிடம். இடையில் வீட்டு வேலை வந்ததால் கருவியை நிறுத்த நேர்ந்தது என்று சிலர் எழுதினர். வழுக்கி வீழ்ந்து பின்தங்கியதையும், மீண்டும் மேலே ஏறி வருவதற்குள் துணைவர் காணாமற் போனதையும் சிலர் எழுதினர். வேண்டுமென்றே விட்டுவரவில்லை என்று சொல்லிக்கொள்ளவே அவர்கள் எழுதினர். அம் மடல்கள் உரியவர் கண்ணில் படும் என்பதற்கு ஓர் உறுதியும் இல்லை. ஒரு மணி நேரம் உடன் நடந்த ஒரு செவ்வங்கி உருவத்தை மணலிலே விட்டுவந்ததற்காகத் தம் நாட்டில், தம் வீட்டில் இருந்துகொண்டு அவர்கள் வருந்தினர். தீமை செய்ய முடியாத இடத்தில் குற்றவுணர்வு எவ்வாறு தோன்றும்? மாணவனின் தடைக்கு இம் மடல்களே போதிய விடை. கண்ணீர்க் கடிதங்கள் நூறு வந்தாலும், இம் மன்னிப்பு மடல் ஒன்றற்கு அவை ஈடாகா.

உச்சியை அடைந்து ஒளியினுள் மறைந்தபின், உடன் வந்தோர் பூண்ட பெயர்கள் திரையில் தோன்றும். அதுவரையில் அவை மறைக்கப்பட்டிருக்கும். நெடுவழி முழுவதும் ஒருவரே துணையாய் வந்தார் என்று எண்ணியிருந்த பலர், அங்கே மூன்று நான்கு பெயர்களைக் கண்டு திகைத்தனர். ஒருவர் அகல மற்றொருவர் வந்து சேர்ந்ததை அவர்கள் அறிந்திலர். ஒருவரிடம் வைத்த அன்பைத் தம்மை அறியாமலே அடுத்தவருக்கும் கொடுத்திருந்தனர். ஏமாந்துவிட்டோம் என்று சிலர் வருந்தினர். வருந்த என்ன இருக்கிறது என்பது விளங்கவில்லை.

ஒளிக்குறிகள் அனைத்தையும் கண்டெடுத்தவர்க்கு வெள்ளங்கி அணியும் உரிமை உண்டு. நெடுந்துகிலும் வெள்ளங்கியும் பலமுறை நடந்து தேர்ந்தவர் என்பதற்கு அடையாளம். பின்னாளில், 2019-ஆம் ஆண்டில், கணினிக்கும் ஐபோனுக்கும் ஏற்றவாறு ஜர்னி வெளியிடப்பட்டபோது புதியவர் பலர் அம் மணலில் அடியெடுத்து வைத்தனர். வெள்ளங்கி அணிந்தோர்க்குக் காண வேண்டிய புதுமை அங்கே ஒன்றும் இல்லை; வழியெல்லாம் மனப்பாடம். ஆயினும் அவர்களில் பலர் மீண்டும் பாலைக்கே வந்தனர். சிறு துகிலோடு, எத் திசை செல்வது என்று அறியாமல் தயங்கி நிற்கும் புதியவர் எவரேனும் கண்ணில் பட்டால், ஒருமுறை ஓசை எழுப்பி, சிறிது தொலைவு முன்னே சென்று, திரும்பி நின்று, அவர் வருகின்றாரா என்று பார்த்தனர்.