செலின் ஒரு மிட்ஃபீல்டர்

2024 நவம்பர். பெய்ரூட்டில் இஸ்ரேல் குண்டு போட்ட தெருவில் ஒரு பொண்ணு தலையில் ரத்தத்தோடு கிடக்கிற வீடியோ நிறைய பேருக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஒரு சோக எமோஜி போட்டுட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போயிட்டேன். அது யாருன்னு பிறகுதான் தேடிப் படிச்சேன்.

செலின் ஹைதர். அப்போ வயசு 19. 2022-ல் மேற்கு ஆசிய 18 வயதுக்குட்பட்டோர் கோப்பையை ஜெயிச்ச லெபனான் அணியில் இருந்தவர். பெய்ரூட் ஃபுட்பால் அகாடமியின் கேப்டன். குடும்பமே நகரத்தை விட்டு வெளியேறிய பிறகும், படிப்புக்காகவும் பயிற்சிக்காகவும் திரும்பி வந்தார். சீனியர் அணி வாய்ப்பு கிட்டத்தட்ட கைக்கு வந்திருந்தது. அப்போதான் தாக்குதல், கோமா. பிறகு கண் விழித்தார்.

'பாவம்'னு ஒரே வார்த்தையில் நாம முடிச்சுடறோம். எனக்கு அது பத்தல. மிட்ஃபீல்டர்னா பந்து வர்றதுக்கு முன்னாடியே யார் எங்க நிக்கிறாங்கன்னு தலையைத் திருப்பிப் பார்த்து வைக்கணும். பாதி ஆட்டம் மண்டைக்குள்ளதான் நடக்கும். அடிபட்டதும் அங்கேதான். கோல் போடுறவங்களுக்காவது ஹைலைட்ஸ் மிஞ்சும். பாஸ் கொடுக்கிறவங்களுக்கு அதுவும் கிடையாது (நம்ம டிபார்ட்மென்ட் டீம்லயே அதான் கதை). அவர் பேரைத் தேடினப்போ எனக்கு முதல்ல வந்தது அந்தத் தெருதான், மைதானம் இல்ல.