ஆஸ்பத்திரி திறக்கும் முன் ரயில் போய்விடும்

விடிகாலையில் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் பெங்களூர் ரயில்தான் இன்று கோலார் தங்கவயலின் சோற்றுப் பானை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பேரன்கள் தலைமுறைக்குக் கிடைத்த வேலையெல்லாம் சுமார் 100 கி.மீ. தள்ளித்தான். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறார்கள். இப்படி ஓடும் ஒருவர் போதையின் பிடியிலிருந்து மீள நினைத்தால் எந்த நேரத்தில் டாக்டரைப் பார்ப்பார்?

தங்கவயலில் குடி பழைய சங்கதி. 2007-ல் கர்நாடகம் சாராயத்தை ஒழித்தது, குடி ஒழியவில்லை. இப்போது பயம் வேறு. டாபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். பெங்களூர்ச் சரக்கு தங்கவயலுக்கு வர அதே ரயில் போதும். அபின், ஹெராயின், வலி மாத்திரை என்று இந்த வகைப் போதையைத் தொடுபவர்கள் நாட்டில் 2.26 கோடி பேர் என்றது 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு. அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை.

குடும்பத்தாருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மறுவாழ்வு மையத்தில் சில வாரங்கள் அடைத்து வைப்பது. உடம்பு வலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் ஏக்கம் அடங்காது. வெளியே வந்தவர் பழைய அளவையே மறுபடி போட்டுக்கொண்டால், தாங்கும் சக்தியை இழந்துவிட்ட உடம்பு மூச்சை நிறுத்திவிடும். 'சுத்தமாகி' வந்த பிள்ளை செத்துப்போவது இப்படித்தான்.

இதற்கு மருந்து இருக்கிறது. நாக்குக்கு அடியில் கரையும் புப்ரனார்ஃபின் மாத்திரை ஏக்கத்தைத் தணிக்கும். அளவு கூடினாலும் மயக்கம் ஒரு எல்லைக்கு மேல் ஏறாது. சர்க்கரை நோயாளி போல மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருடக்கணக்கில் சாப்பிடலாம். 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று கேட்கிறவர்கள் இன்னும் உண்டு. மாத்திரை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்ச் சம்பளத்தை வீட்டில் கொடுப்பவரை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. விநோதம் என்னவென்றால், நோயைத் தரும் மாத்திரை கள்ளத்தனமாகவாவது கிடைக்கிறது. தீர்க்கும் மாத்திரையோ அங்கீகாரம் பெற்ற சிகிச்சை மையத்துக்கு வெளியே கிடைக்காது.

தங்கவயல்காரருக்கு இங்கேதான் சிக்கல். ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடத்தும் மையங்களில் தினமும் நேரில் வந்து, ஊழியர் கண்ணெதிரே மாத்திரை போட வேண்டும் என்பதுதான் பொது வழக்கம். மாத்திரை கள்ளச் சந்தைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் தினக்கூலிக்காரருக்கு அது வேலையா, வைத்தியமா என்ற கேள்வி. நலாக்ஸோன் கலந்த மாத்திரையை ஊசியில் ஏற்றினால் அவஸ்தைதான் மிஞ்சும். அதனால்தான் தில்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடிகிறது. அமெரிக்கா ஒரு படி மேலே போய், மாதம் ஒரு முறை போடும் புப்ரனார்ஃபின் ஊசியை 2017-லேயே அனுமதித்துவிட்டது.

கர்நாடக அரசு 2014-ல் தொடங்கிய மனோசைதன்ய திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மனநல டாக்டர் வருவது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. போதை நோயையும் மனநலச் சிகிச்சை உரிமைக்குள் கொண்டுவந்த 2017 சட்டம் கடிகாரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சுரங்கத்தோடு மூடப்பட்ட சுரங்க ஆஸ்பத்திரியை 2021-ல் கொரோனாவுக்காகத் தொண்டர்கள் சில வாரங்களில் துடைத்துத் திறந்தார்கள். இதற்கு அவ்வளவு பெரிய கட்டடம்கூட வேண்டாம். மாலை ரயில் வந்து சேர்ந்த பிறகு இரண்டு மணி நேரம் திறந்திருக்கும் ஓர் அறை, தமிழ் பேசும் ஒரு நர்ஸ், ஒரு வாரத்துக்கான மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படாத ஒரு வாசல்.