தங்கம் ஏன் மஞ்சள்? "அது அப்படித்தான்"னு சொல்லாதீங்க சார்!

போன ஞாயித்துக்கிழமை மேற்கு தாம்பரம் சண்முகம் ரோட்டுல ஒரு நகைக்கடை. அக்கா பொண்ணுக்கு ஒரு ஜோடி கம்மல் எடுக்கப் போயிருந்தோம். அக்கா, எங்க அம்மா, நான், அப்புறம் ப்ளஸ் டூ படிக்கிற அந்தப் பொண்ணு. செய்கூலி, சேதாரம்னு அக்கா கடைக்காரரோட மல்லுக்கட்டிட்டு இருந்தாங்க. பொண்ணு மட்டும் பக்கத்து கவுண்டர்ல இருந்த வெள்ளிக் கொலுசையும் கையில இருந்த கம்மலையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு இருந்தா.

"மாமா, வெள்ளியும் தங்கமும் ஒரே குரூப் தானே? பீரியாடிக் டேபிள்ல இதுக்குக் கீழதான் அது. அப்ப இது வெள்ளையா, அது மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா சொல்லிட்டாங்க: "தங்கம் குருவோட உலோகம்டி. குருவுக்கு மஞ்சள்தானே."

பொண்ணு சிரிச்சா. "டியூஷன் சாரையும் கேட்டேன் பாட்டி. 'அது அப்படித்தான், பரீட்சைக்கு வராது'ன்னுட்டார்."

எனக்கு அங்கேயே சுர்ருனு ஏறிடுச்சு. அம்மா மேல இல்லீங்க, அந்த சார் மேல. அம்மாவாவது ஒரு காரணம் சொன்னாங்க. கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கக் காசு வாங்கறவர் காரணமே இல்லைன்னுட்டார். நாம பதில் சொல்லாம விட்ட இடத்துல ராசிபலன் வந்து உட்கார்ந்தா, ஐயோ மூடநம்பிக்கைன்னு பதிவு போட நமக்கு என்ன தகுதி இருக்கு?

பதில் இருக்கு. ஐன்ஸ்டீனோட சார்பியல் கொள்கைதான் பதில்.

இங்கதான் நம்ம பதிவர் கூட்டத்தையும் கொஞ்சம் வாரணும் (என்னையும் சேர்த்துத்தான்). சார்பியல் பத்தி எழுத உட்கார்ந்தா நாம என்ன எழுதறோம்? ஒளி வேகத்துல போற ரயில். விண்வெளிக்குப் போயிட்டு இளமையா திரும்பி வர்ற இரட்டையர்ல ஒருத்தர். கருந்துளை. கொஞ்சம் நடைமுறையா எழுதறோம்னா ஜிபிஎஸ். செயற்கைக்கோள் கடிகாரம் ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செகண்ட் முந்திப் போகும், அதைச் சரி பண்ணலைன்னா ஆட்டோக்காரர் வேற தெருவுக்குப் போயிடுவார், இத்யாதி. நானும் ஒரு காலத்துல தாம்பரம் - பீச் எலக்ட்ரிக் ட்ரெயினை ஒளி வேகத்துல ஓட்டிப் பதிவு போட்டவன்தான். (அது பல்லாவரத்துல சிக்னலுக்கு நிக்கறதை மட்டும் எழுதலை :-))

கடைசியில எல்லாரும் ஒரு வரி சேர்ப்போம்: "ஆனால் அன்றாட வாழ்வில் வேகங்கள் மிகக் குறைவு என்பதால் இவ்விளைவுகளைப் புறக்கணிக்கலாம்." இந்த வரிதான் பொய். தெரிஞ்சு சொல்ற பொய் இல்ல, ஆனா பொய்.

எப்படின்னு பார்ப்போம். ஹைட்ரஜன் அணுவுல எலக்ட்ரானோட வேகம் ஒளி வேகத்துல சுமாரா 137-ல் ஒரு பங்கு. கருவுல புரோட்டான் கூடக் கூட உள்வட்ட எலக்ட்ரானை இழுக்கிற விசையும் கூடும், வேகமும் கூடும். தங்கத்துக்கு 79 புரோட்டான். 79-ஐ 137 ஆல வகுத்துப் பாருங்க: ஒளி வேகத்துல 58 சதவீதம். அதாவது செகண்டுக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அந்த வேகத்துல போனா ஒரு செகண்டுல தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவுல ஐயாயிரம் தடவைக்கு மேல ஓடலாம். நம்ம ட்ரெயினை எதுக்கு கஷ்டப்படுத்தணும்? ஒளி வேகத்துக்குப் பக்கத்துல ஓடற சமாச்சாரம் பாட்டி காதுத் தோட்டுக்குள்ளயே இருக்கு.

இவ்வளவு வேகத்துல எலக்ட்ரான் சுமார் 22 சதவீதம் எடை கூடின மாதிரி நடந்துக்கும். (கறாரான இயற்பியல்காரங்க எடை கூடுதுன்னு இப்ப சொல்றதில்ல. எலக்ட்ரான் கிரகம் மாதிரி சுத்தறதும் இல்ல. நகைக்கடையில நின்னு சொல்றதுக்கு இது போதும்.) எடை கூடினா சுற்றுப்பாதை சுருங்கும். வெளியில இருக்கிற 6s எலக்ட்ரானும் அப்பப்ப கருவுக்குப் பக்கத்துல போய்ட்டு வர்ற ஆளுங்கறதால அதுவும் சுருங்கி, ஆற்றல்ல கீழ இறங்குது. இதுங்க சுருங்கினதால கருவோட இழுப்பு 5d எலக்ட்ரானுக்குச் சரியா எட்டாம, அது கொஞ்சம் மேல ஏறுது. ஒண்ணு இறங்க, ஒண்ணு ஏற, நடுவுல இருந்த இடைவெளி குறைஞ்சு போச்சு.

வெள்ளியில இந்த இடைவெளியைத் தாண்ட புறஊதாக்கதிர் வேணும். கண்ணுக்குத் தெரியற ஒளி எல்லாத்தையும் அது திருப்பி அனுப்பிடும், அதனால வெள்ளை. தங்கத்துல நீல ஒளியே போதும். நீலத்தை முழுங்கிட்டு மிச்சத்தை அனுப்புது. வெள்ளை ஒளியில நீலத்தை எடுத்துட்டா மிச்சம் மஞ்சள். அவ்ளோதான். சார்பியல் இல்லாட்டி தங்கமும் வெள்ளி மாதிரிதான் பளபளக்கும்.

"செம்பும்தான் நிறமா இருக்கு, அதுல 29 புரோட்டான்தானே?"னு யாராவது மடக்குவீங்க. நல்ல கேள்வி. செம்புல அந்த இடைவெளி இயல்பாவே சின்னது, சார்பியல் தயவு அதுக்குத் தேவையில்ல. வெள்ளிக்கு வரும்போது இடைவெளி பெருசாயிடுது. தங்கத்துல மறுபடி சின்னதாகறதுக்குத்தான் ஐன்ஸ்டீன் வேண்டியிருக்கு.

தங்கம் விக்கிற விலைக்கு அது எங்க வீட்டுல இல்லைங்கறீங்களா? சரி, படிக்கட்டுக்கு அடியில பாருங்க. இன்வெர்ட்டர் பேட்டரி. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்னிக்கு ராத்திரி ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் ஓட்டுச்சே, அதேதான். ஈய-அமில பேட்டரி. ஈயத்துக்கு 82 புரோட்டான். ஸ்வீடன் உப்சாலா பல்கலைக்கழகத்து ராஜீவ் அஹுஜா, ஃபின்லாந்தின் பெக்கா ப்யூக்கோ குழுவினர் 2011-ல ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டாங்க. ஒரு செல் தர்ற 2.1 வோல்ட்ல 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால வர்றது. ஆறு செல்லுக்குக் கணக்குப் பண்ணுங்க. ஐன்ஸ்டீன் இல்லாட்டி நம்ம 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, ரெண்டரை வோல்ட்தான் தரும். ஃபேன் ஓடாது, கொசுதான் ஓடும்.

இதுல கொடுமை என்னன்னா, அந்தப் பொண்ணோட நோட்டுல "மந்த இணை விளைவு"ன்னு ஒரு மார்க் கேள்விக்குப் பதில் இருக்கு. ஈயம் ஏன் +2 நிலையை விரும்புதுன்னு கேட்டா அதை எழுதணும். மந்த இணைன்னா அதே 6s எலக்ட்ரான் ஜோடிதான். சுருங்கி, கீழ இறங்கி, வெளிய வர அடம் பிடிக்குது. அதைப் பிடுங்கி +4 நிலையில வெச்ச ஈய டை-ஆக்சைடு, எலக்ட்ரானைத் திரும்ப வாங்கத் துடிக்குது. அந்தத் துடிப்புதான் வோல்டேஜ். பேரை மனப்பாடம் பண்ண வெச்சுட்டு காரணத்தை மறைச்சா அது பாடமா, மந்திரமா?

"வேண்டாம், விட்டுடு"ன்னு சொன்னது நம்ம டியூஷன் சார் மட்டும் இல்ல. சார்பியலையும் குவாண்டத்தையும் 1928-ல ஒண்ணு சேர்த்த டிராக்கே, 1929-ல, சாதாரண வேதிவினைகளுக்கு சார்பியல் முக்கியமில்லைன்னு எழுதினார். கனமான தனிமங்களை வெச்சு, அது தப்புன்னு வேதியியல்காரங்க பரவலா உணர 1970-கள் ஆச்சு.

ஆனா 1930-லயே, வேற ஒரு இடத்துல, விட்டுட மாட்டேன்னு ஒரு பையன் உட்கார்ந்தான். பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு முடிச்ச 19 வயசு சந்திரசேகர். இங்கிலாந்துக்குக் கப்பல்ல போகும்போது, வெண்குள்ள நட்சத்திரம் பத்தி ஃபவுலர் போட்ட கணக்கை எடுத்துப் பார்த்தார். நசுங்கிக் கிடக்கிற எலக்ட்ரான் இவ்வளவு வேகமா போகுதே, இதுல சார்பியல் எங்கன்னு கேட்டார். சேர்த்துக் கணக்குப் போட்டா, சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல வெண்குள்ளன் தாங்காதுன்னு வந்துச்சு. 1935 ஜனவரியில லண்டன்ல எடிங்டன் அதை எல்லார் முன்னாலயும் கிண்டலடிச்சார். 1919 கிரகணத்துல ஐன்ஸ்டீனை நிரூபிச்ச அதே எடிங்டன்! சார்பியலை இந்த இடத்துல கொண்டு வரக் கூடாதுங்கறதுதான் அவர் கட்சி. நோபல் வர 1983 ஆச்சு.

அந்தப் பொண்ணு கேட்டதும் அதே மாதிரி கேள்விதான். பெரியவங்க "விட்டுடு"ன்னு சொன்ன இடத்துல நின்னு "ஏன்?"னு கேட்டா. அவளுக்கு நாம கொடுத்த பதில் "பரீட்சைக்கு வராது". இன்னும் ரெண்டு தடவை இப்படிச் சொன்னா கேக்கறதையே நிறுத்திடுவா. அதுதான் எனக்கு பயம்.

அதனால பதிவுலக மக்களே, அடுத்த தடவை சார்பியல் எழுதினா ரயிலை ஷெட்ல விடுங்க. இரட்டையரை வீட்டுக்கு அனுப்புங்க. கம்மல்ல ஆரம்பிங்க, பேட்டரியில ஆரம்பிங்க. வாத்தியார் வேலை பார்க்கற நண்பர்களே, தெரியலைன்னா "தெரியலைம்மா, பார்த்துட்டு வந்து சொல்றேன்"னு சொல்லுங்க. அதுல மானம் ஒண்ணும் போயிடாது.

கடையில இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அக்கா பில் போட்டாச்சு. அம்மா பொறுமையா கேட்டுட்டுக் கடைசியில சொன்னாங்க: "அப்ப ஐன்ஸ்டீன்தான் குருன்னு சொல்லு."

பொண்ணு மட்டும் வண்டியில ஏறும்போது கேட்டா: "மாமா, அப்ப தங்கத்துக்கு அடுத்த கட்டத்துல இருக்கிற பாதரசம் ஏன் தண்ணி மாதிரி ஓடுது? அதுவும் இதனாலதானா?"

இதனாலதான். இல்லைன்னா சென்னை வெயிலுக்கும் கெட்டியாத்தான் இருக்கும்னு 2013-ல கணக்குப் போட்டிருக்காங்க. ஆனா எப்படின்னு அவளுக்குச் சொல்ல நான் இன்னும் கொஞ்சம் படிக்கணும். பார்த்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.